வெண்கல மணி

மேசைமேல் இரண்டு கோப்புகள்.
இரண்டிலும் ஒரே நோயின் பெயர்.
ஒன்றில் அரசு மருத்துவமனையின் மங்கிய முத்திரை,
மற்றது தனியார் கிளினிக்கின் வழவழப்புத் தாள்.
என் வேலை தட்டச்சு.
சரயேவோவின் இந்த அறையில்
பத்தொன்பது ஆண்டுகளாக
அழுகைக்கு அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாட்சி ஷெவாலா குர்தாலிச், எழுபத்தெட்டு.
காலையில் காப்பியைக் கலக்கிவிட்டுக்
கரண்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.
கழிப்பறை எங்கே என்று நான்கு முறை கேட்டார்.
வலது மணிக்கட்டில் நீல மை:
கணவர் பெயர், கீழே இரண்டு மகன்கள்.
இடது கையைத் திறக்கவே இல்லை.

குற்றவாளிக் கூண்டில் சக்கர நாற்காலி.
ஓப்ரென் ஷுக்காலோ, எண்பத்தொன்று,
ஓய்வுபெற்ற கிடங்குக் கணக்கர்,
மடியில் கட்டம்போட்ட போர்வை.
அந்த ஊரில் கால்வைத்ததே இல்லை என்பது
அவர் தரப்பு.
பள்ளிக்கூடம்? நினைவில்லை.
தொண்ணூற்றிரண்டு கோடை? நினைவில்லை.
உங்கள் மகள் பெயராவது?
சற்றுத் தயங்கி,
அதுவும் நினைவில்லை.
மூன்றாம் வரிசையிலிருந்து அந்த மகள்
எழுந்து வெளியே போனாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பையன்.
மென்மையாகக் கேட்டான், அதுதான் கொடுமை.
"அம்மா, இது எந்த ஊர்?"
"டிராம் ஓடுகிற ஊர்."
"எந்த மாதம்?"
"பிளம் பழுத்துவிட்டது."
ஜன்னலுக்கு வெளியே ஜனவரிப் பனி.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
ஒரு வழக்கு என் விரல்களுக்கு அடியில்
மெல்ல மெல்லச் சில்லிட்டுக்கொண்டிருந்தது.

அரசு வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார்,
நம்பிக்கை இல்லாமல்தான்:
"உடற்பயிற்சிக் கூடத்தில் என்ன இருந்தது?"

"கோடுகள்," என்றார் ஷெவாலா.
"கூடைப்பந்துக் கோடுகள்.
ஆண்கள் அந்தப் பக்கம்.
ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் மணி அடிக்கும்.
பெயரைக் கேட்டவர் எழுந்து போவார்.
வெண்கல மணி.
மரக் கைப்பிடி."
நிறுத்தினார்.
தவறவிட்ட பொருளைத் தேடுகிறவர்போல்
தரையைப் பார்த்தார்.
"மரக் கைப்பிடி. மஞ்சள் பெயின்ட் அடித்தது."

"கைப்பிடி ஏது?
அது உடைந்துபோய்க் கயிறுதானே கட்டியிருந்தது."

பட்டியலில் பிழை பொறுக்காத குரல்.
யார் பேசியது என்று புரியுமுன்பே
என் விரல்கள் அதை அடித்து முடித்திருந்தன.
நிமிர்ந்தேன்.
அந்தப் பையனின் பேனா
பாதி எழுத்தில் நின்றிருந்தது.
ஓப்ரென் போர்வையை
முகவாய் வரை இழுத்துக்கொண்டார்.
நுணலுக்கு வாய்தான் எமன்,
ஆனால் இந்த நுணல்
முப்பது வருடம் மழைக்காகக் காத்திருந்தது.

பிறகு ஒரே சத்தம்,
ஆட்சேபணை, நீதிபதியின் கை, தண்ணீர்க் குவளை.
எல்லாம் பக்கம் நூற்றுப் பதினொன்றில் இருக்கிறது.

நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.
நாற்காலி கடந்து போனபோது
என் காதில் சொன்னார்:
"பாவம், யாரந்தக் கிழவர்?
இந்தக் குளிரில் தொப்பிகூட இல்லை."

ஆரஞ்சுச் சுளை நீட்டினேன்.
வாங்கிக்கொள்ள இடது கையை விரித்தார்.
உள்ளங்கையில் ஒரு சொல்,
வியர்வையில் கரைந்து
முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம்.
அது கயிறாக இருக்கலாம்.
காப்பியாகவும் இருக்கலாம்,
எங்கள் மொழியில் இரண்டும்
ஒன்றுபோலத்தான் தொடங்கும்.
நான் கேட்கவில்லை.
சுளையின் சாறு வழிந்து
அதுவும் போனது.

வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டி
கையெழுத்துக் கேட்டேன்.
பேனாவை வாங்கினார்,
மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து
நிதானமாக எழுதினார்,
கணவர் பெயரை.

திருத்தச் சொல்வது விதி.
தாளை ஊதி மை காயவைத்துக்
கோப்பில் சேர்த்தேன்.